கடல் வீட்டில் சத்தம் போடலாம்

அருள்,

கடல் வீட்டுச் சாவி அஞ்சலையக்காவிடம் இருக்கிறது. பூட்டியே கிடந்த வீடு, அதனால் முன்னதாகவே திறந்து கூட்டிப் பெருக்கி வைக்கச் சொல்லிவிட்டேன். "அங்க சுத்திப் பாக்க என்னம்மா இருக்கு, ஒரு வாரம் எப்படிப் போகும்" என்று நீ போனில் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதிலிருந்து நீ போய் வருகிற இடம். எந்த மேட்டில் ஏறினால் எந்தப் படகு தெரியும் என்பது வரை உனக்குத் தெரியும். ஆனாலும் நீ எதற்காகக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. மூன்று மாதமாகக் காடாம்புலியூரில் தன் அம்மா வீட்டில் இருக்கிற ஷீலா, ஒரு வாரம் உன்னோடு வந்து தங்கச் சம்மதித்திருக்கிறாள். வாரம் முடிந்ததும் அவள் உன்னோடு சென்னைக்கு வண்டி ஏறுவாளா, இல்லை பண்ருட்டி பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விடுவாளா என்பதுதான் உன் கேள்வி. அதை நீ என்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாய். ஆகவே நீ கேட்டதற்கே பதில் எழுதுகிறேன். நடுநடுவே கேட்காததற்கும் பதில் வரும், பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லலாம்தான். போனில் உனக்கு "ம்", "சரிம்மா" என்ற இரண்டை விட்டால் மூன்றாவது வார்த்தை கிடையாது. உன் "ம்" கேட்டுக் கேட்டே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

முதலில் வீட்டைப் பற்றி. 'தானே' புயலில் சாய்ந்த சவுக்குத் தோப்பு மறுபடி நட்டு நன்றாக வளர்ந்துவிட்டது, ஆடிக் காற்றுக்கு அது போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மோட்டாரைக் காலையிலேயே போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள், மத்தியானம் கரண்ட் போகும். ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரித்து அனுப்புகிற நெய்வேலியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அங்கே போய் விசிறி மட்டை வீசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன செய்வது, டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்தால்தான் நமக்கெல்லாம் உலகம் தெரிகிறது. குளிக்கிறேன் என்று கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதே, அங்கே கரை சட்டென்று சரியும். ஷீலாவுக்கும் சொல். அவள் பலா மண்டிக்காரர் மகள். முள்ளுக்கும் பாலுக்கும் பயப்பட மாட்டாள், கடலுக்கும் பயப்பட மாட்டாள், அதுதான் எனக்குப் பயம்.

பிச்சாவரத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால், சுரபுன்னைக் காட்டுக்குள் சந்து மாதிரி ஓடுகிற வாய்க்கால்களில் இலை தலையில் உரச உரசப் போகலாம். ஆனால் முக்கியமான பேச்சு எதையும் அங்கே ஆரம்பிக்காதே. அந்த இடம் அவ்வளவு அமைதி, படகுக்காரர் காதும் அவ்வளவு நீளம். உன் அப்பாவும் நானும் ஒரு முறை போனபோது, நீ சென்னையிலேயே வேலை தேடுவதா, இங்கே சுரங்கத்தில் அப்ரண்டிஸுக்கு எழுதிப் போடுவதா என்று இரண்டு பேரும் தணிந்த குரலில் வாக்குவாதம் செய்துகொண்டு போனோம். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, "சென்னைக்கே அனுப்புங்க சார், பையன் பொழச்சிக்குவான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அதன்படிதான் நடந்தது என்பது வேறு விஷயம். திரும்பும்போது பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு அப்படியே போகலாம். மாலையில் சாமியார்பேட்டைக் கடற்கரையில் பஜ்ஜி, சுண்டல், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். குழந்தைகள் நிறைய ஓடும். அது உங்களுக்கு இப்போது கஷ்டமாக இருக்கும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேறு நாளில் போங்கள்.

குழந்தை என்று எழுதிவிட்டேன், இனி மறைப்பதற்கில்லை. ஷீலா போன வாரம் எனக்குப் போன் செய்தாள். பொதுவாக அவள் போன் என்றால் காடாம்புலியூர் வீடே பின்னால் பேசும். மண்டியில் விலை சொல்வது, அவள் அண்ணன் யாரையோ அதட்டுவது, அவள் அம்மா "யாரு, சம்பந்தியா, குடு" என்று பிடுங்குவது எல்லாம் கேட்கும். பெண் கேட்டுப் போன அன்று, ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசியதைக் கேட்டு ஏதோ தகராறு என்று நினைத்து நானும் அப்பாவும் எழுந்தே நின்றுவிட்டோம், ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் நமக்குக் காபியா டீயா என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் போன வாரம் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்று பேசினாள். வயிற்றில் இருந்த குழந்தை தங்காமல் போன அந்த நாளைப் பற்றித்தான் பேசினாள். "அத்த, ஆஸ்பத்திரிலேருந்து வந்து படுத்தேன். பகல் பூரா வூட்ல ஒரு சத்தம் இல்ல. ஆபீஸ் போய்ட்டாருன்னு நெனச்சேன். இன்னிக்குக் கூடவா ஒரு மனுசன் போவாருன்னு சொவத்தப் பாத்துகினு அழுதுகினே கெடந்தேன். சாயந்திரம் கதவத் தெறந்து, டீ வேணுமான்னு கேட்டார். அவ்ளோதான் அத்த. அவரு நல்லவருதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு உள்ள என்னமோ வுட்டுப் போச்சு" என்றாள்.

அவள் சொன்ன அந்த நாள் மத்தியானம் நானும் உனக்குப் போன் செய்திருந்தேன். நீ எடுத்தாய், ஆனால் குரலே வரவில்லை, வெறும் மூச்சாகச் சொன்னாய்: "தூங்கறாம்மா. கதவுகிட்டதான் உக்காந்திருக்கேன். அப்புறம் பேசறேன்." பொழுது சாய்வதற்குள் மறுபடி கூப்பிட்டேன், அதே மூச்சு, அதே வார்த்தை. நீ அவள் போனை அணைத்து வைத்திருப்பாய். திரையை இழுத்து விட்டிருப்பாய். காலிங் பெல்லை நிறுத்தியிருப்பாய். கதவிடுக்கில் துணி கூடச் செருகியிருப்பாய், எனக்குத் தெரியாதா? அந்தக் குரலை உனக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தானே. அது நம் வீட்டு நைட் ஷிஃப்ட் குரல். அவள் சத்தம் வராமல் அழுதாள், நீ தூங்குகிறாள் என்று நினைத்தாய். நீ சத்தம் வராமல் காவல் இருந்தாய், அவள் நீ போய்விட்டாய் என்று நினைத்தாள். ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் அன்று முழுவதும் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். அந்தக் குழந்தைக்கு நானும் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன், உன் அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை.

சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து அப்பா காலையில் வந்து படுத்தால் நம் குவாட்டர்ஸ் எப்படி இருக்கும் என்று ஷீலாவிடம் நீ ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாய். சொல், அவளுக்குச் சிரிப்பாவது வரும். குக்கர் விசில் அடித்துவிடும் என்று, அரிசி பருப்பு போட்ட குக்கரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து குவாட்டர்ஸ் டீச்சர் வீட்டுக்கு ஓடுவேன். அங்கே மூன்று விசில் விட்டு, துணி சுற்றி, திருட்டுப் பொருள் மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வருவேன். கழுவிய பாத்திரத்தைப் பழைய புடவை மேல் கவிழ்ப்பேன். உன் சைக்கிள் மணியைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன். நீ பேசப் பழகிய வயதில் நான் உனக்குப் பேசாமல் இருக்கப் பழக்கினேன்: வயிற்றில் கை வைத்தால் பசி, கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் தண்ணீர். பள்ளிக்கூடத்தில், "உங்க பையன் வாயே திறக்க மாட்டேங்கறான்" என்று மிஸ் சொன்னபோது பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தவள் நான். அந்த பிளாக்கில் எல்லா வீட்டிலும் கொஞ்சம் அப்படித்தான். சுரங்கத்தில் கண் அசந்தால் கை கால் போகும் என்று பயந்த பெண்கள் நாங்கள். புருஷனைத் தூங்க விடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த பெரிய அன்பு. நீ அன்று செய்ததும் அதுதான். ஆனால் ஷீலா வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மொத்தக் குடும்பமும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, எந்த டாக்டரிடம் போவது என்று சண்டை போடும். அவள் அந்தச் சண்டையைத் தேடியிருக்கிறாள்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு, அது உனக்குப் பாதிதான் தெரியும். கடல் வீட்டுக்கு நாம் முதல்முதலாகப் போன நாள். ரிட்டயர் ஆனால் குவாட்டர்ஸைக் காலி பண்ண வேண்டுமே, நமக்கென்று ஒரு கூரை வேண்டாமா என்று அப்பா கட்டிய இரண்டு அறை. நீயும் நானும் முன்னால் போய்விட்டோம், அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே வடலூர், குறிஞ்சிப்பாடி என்று பஸ் மாறி வந்து சேர்ந்து, பாயை விரித்துப் படுத்துவிட்டார். கரையில் அப்போதுதான் கரைவலை இழுக்க ஆரம்பித்தார்கள். ஊரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஏலேலோ" என்று கத்துகிறது. உன்னை வாசலில் நிறுத்திவிட்டுக் கரைக்கு ஓடி, "கொஞ்சம் மெதுவாக் கத்துங்களேன், வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து தூங்கறார்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கயிற்றைப் பிடித்திருந்த அஞ்சலையக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்டியா? அந்தக் கடலையும் செத்த நிறுத்தச் சொல்லட்டா?" என்று கேட்டாள். கரையே சிரித்தது. சிரித்துக்கொண்டே என் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியதுதான்.

அப்பா விளக்கு வைக்கிற நேரம் வரை அசையாமல் தூங்கினார். குவாட்டர்ஸில் ஒருநாளும் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை. எழுந்து வந்து டீயைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? அவர் சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பத்துப் பேச்சிலேயே சொல்கிறேன். "எனக்கு சத்தம் இருந்தாதான்டி தூக்கம். சொரங்கத்துல கரி பெல்ட்டு ஓடற எரைச்சலுக்குள்ளயே இருந்து பழகுனவன் நான். வூட்டுலதான் தூக்கமே வராது. நீயும் புள்ளையும் மூச்சு வுடாம நடக்கறது உள்ள படுத்துகினு இருக்கற எனக்குத் தெரியும். அதையே நெனச்சிகினு முழிச்சிகினு கெடப்பேன்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இத்தனை வருஷமா ஏங்க சொல்லலை?" என்றேன். "நீ அவ்ளோ பாடுபட்டு வூட்ட அமுத்தி வெச்சிருக்க. அத்தப் போயி எப்பிடிச் சொல்றது?" என்றார். அவர் தூங்கட்டும் என்று நான் வாயைக் கட்டினேன், நான் வருந்துவேன் என்று அவர் வாயைக் கட்டினார், நடுவில் நீ வளர்ந்தாய். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ மட்டும் வாசலில், நான் நிறுத்திய இடத்திலேயே, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றாய். அப்பா எழுந்துவிட்டார் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்ற உன் கேள்விக்கு என் முதல் பதில் கரைவலைதான். வலை போடுகிற அன்று காலையில் அஞ்சலையக்காவே வந்து கதவைத் தட்டுவாள். இரண்டு பேரும் போய்க் கயிற்றைப் பிடியுங்கள். யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், கயிறு பிடித்தவருக்கெல்லாம் கடைசியில் ஒரு கை மீன் உண்டு. ஆனால் சும்மா பிடித்தால் போதாது, எல்லோரும் கத்தும்போது நீயும் கத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டு இழுத்தால் எல்லோரும் இழுக்கும்போது நீ விடுவாய், விடும்போது இழுப்பாய், முன்னால் இருப்பவர் முதுகில் போய் முட்டுவாய். ஷீலா முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்வாள், அவள் தொண்டை மண்டித் தொண்டை. நீ கூச்சப்படுவாய். பரவாயில்லை, அந்தக் கரையில் உன் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் கவலை இல்லை. பங்குக்கு வருவது பெரும்பாலும் நெத்திலியாகவோ மத்தியாகவோ இருக்கும். நெத்திலி வந்தால் மாங்காய் போட்டுக் குழம்பு வை, மத்தி என்றால் அஞ்சலையக்காவிடம் கொடுத்துவிடு, அவள் சுட்டுத் தருவாள். சமையலில் ஷீலா இப்படிச் செய், அப்படிச் செய் என்று கத்தினால் நீயும் பதிலுக்குக் கத்து. நான் மாமியார், எனக்கே அவளோடு சமையலறையில் கத்தப் பிடிக்கும்.

நீ கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததை ஷீலாவிடம் நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவள் மனசு இளகியிருக்கலாம். ஆனால் மாமியார் சொன்னால் அது மகனுக்கு வக்காலத்து வாங்குவதாகத்தான் ஆகும். அதைவிடப் பெரிய காரணம், நீ சொல்ல வேண்டியதை நானே சொல்லி, உன்னை மறுபடி வாசலில் ஊமையாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. "கடல் வீட்டுக்குப் போய்ப் பாரும்மா, ஒரு வாரம்தானே" என்று மட்டும் சொன்னேன். "அங்கயும் அவரு பேசாம இருந்தா நான் என்னா பண்ணுவேன் அத்த?" என்று கேட்டாள். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது, அருள். வாரம் முழுவதும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்காதே. பிச்சாவரம் போய் வந்து சொல்லலாம், பரங்கிப்பேட்டை போய் வந்து சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு நிற்பாய்.

போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் சாப்பிட்டதும் அவள் படுப்பாள். அந்தக் காற்றுக்கு யாராக இருந்தாலும் கண் சொருகும். உன் கை தானாகக் கதவைச் சாத்தப் போகும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடக்கப் பார்ப்பாய். போகாதே. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார். தூங்கியிருந்தால் எழுப்பு. தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்த அம்மாதான் சொல்கிறேன், எழுப்பு. எழுப்பி, அன்றைக்கு நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று சொல். அவள் அடித்தாலும் அடிப்பாள், வாங்கிக்கொள். அந்தக் குழந்தை உனக்கும் குழந்தைதானே, அதற்காக நீ இன்னும் ஒரு சொட்டு அழவில்லை என்பது எனக்குத் தெரியும். அழுகை வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளாதே, அவளைக் கட்டிக்கொண்டு சத்தமாகவே அழு. அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அம்மா